உடன்சென்ற மீன்

பிறந்த ஊரை விட்டு வந்து வாழும் நாம், குடியேறிய ஒரு மீனின் வரலாற்றை இங்குக் காண்போம்.

ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியத் தீவில், நடு மேட்டுநிலத்தில், 'கிரேட் லேக்' என்னும் பேரேரி உள்ளது. நமக்கு வேனில் தொடங்கும் மார்ச்சு மாதம் அங்கே இலையுதிர்காலம். யூகலிப்டஸ் மரத்து வண்டுகள் காற்றில் அடிபட்டு நீரில் விழும். அவற்றை விழுங்க டிரவுட் மீன் மேலெழும். தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றி, வண்டு போலச் செய்த பொய்யிரையை நீர்மேல் வீசி அதனைப் பிடிப்பர்.

இம்மீன் அவ்வேரிக்கு உரியதன்று. குடியேறிய ஆங்கிலேயர் பெரிதும் விரும்பியது சால்மன் மீனையே. கடற்பயண வெப்பத்தில் முட்டைகள் அழிய, முதல் முயற்சிகள் தோற்றன. 1864இல் ஜேம்ஸ் யூல் என்பார் முட்டைகளை ஈரப்பாசியில் பொதிந்து, பனிக்கட்டியிடையே வைத்து, 'நார்போக்' கப்பலில் லண்டனிலிருந்து அனுப்பினார். சிறிதளவு டிரவுட் முட்டைகளும் உடன்சென்றன. ஏப்ரலில் அவை தீவை அடைந்தன. பொரித்து வளர்ந்த சால்மன்கள் கடல் புகுந்தன. மீண்டு வந்து நிலைபெறவில்லை. உடன்சென்ற டிரவுட்டோ ஆறுகளில் தழைத்தது; 1870இல் கிரேட் லேக்கிலும் விடப்பட்டது.

அவ்வெற்றிக்கு விலையும் உண்டு. ஏரியின் தொல்குடிகளான சிறுமீன்கள் வந்த மீனுக்கு இரையாயின.

சென்ற இடத்தில் சொந்த மண்ணின் சுவையை நாடுவது மனித இயல்பு. நாமும் முற்றத்தில் கறிவேப்பிலைக் கன்று நட்டவர்களே. ஆயினும், நட்ட கன்றைப் பெயர்த்தெடுக்கலாம். ஏரியில் விட்ட மீனை மீட்பது எளிதன்று.