பனிச்சங்கிலியும் பால்மரமும்



மேருவில் பனி பெய்வதில்லை. நம் சாலைகளுக்குத் தெரிந்ததெல்லாம் வெயிலும் அடைமழையும்தாம். ஆயினும், பனிச்சாலையைப் பற்றிய பேச்சு இன்று நம் வீட்டுக் கூடத்திற்கே வந்துவிட்டது. நம்மிடம் படித்த பிள்ளைகளுள் சிலர் கனடாவில் பணிபுரிகின்றனர். வேறு சிலர் ஆண்டிறுதி விடுமுறையில் சப்பானின் ஹொக்கைடோவுக்குச் சென்று வாடகை மகிழுந்து ஓட்டுகின்றனர். "ஐயா, மகன் வாங்கியிருப்பது நான்கு சக்கரங்களுக்கும் விசை பாயும் வண்டி. அதற்குமா குளிர்கால டயர்? சங்கிலி வாங்கி வைத்தால் போதாதா?" என்று ஒரு பெற்றோர் என்னிடம் கேட்டார். அதற்கு விடை தேடப் புகுந்தேன். அத்தேடல் என்னைப் பனிமலையில் விடாமல் பால்மரக் காட்டில் கொண்டுவந்து விட்டது. அக்கதையையே இங்கு எழுதுகிறேன்.

இவ்விரண்டினுள் மூத்தது சங்கிலி. மகிழுந்து புதிதாக வந்த காலத்தில், சேற்றிலும் பனியிலும் சக்கரம் வழுக்காதிருக்க அமெரிக்க ஓட்டுநர்கள் டயரைச் சுற்றிக் கயிறு கட்டினர் என்பர். அதைக் கண்ட நியூயார்க் மாநிலத்தவரான ஹாரி வீட் என்பவர், கயிற்றுக்கு மாற்றாக இரும்புச் சங்கிலியை அமைத்து 1904ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். அதன் இயக்கம் எளிது. வண்டியின் எடை இரும்புக் கண்ணிகளின் வழியே இறங்க, அவை பனியைக் கடித்துப் பிடிக்கின்றன. கடிப்பதற்குப் பனி இல்லையேல் அவை தாரைக் கடிக்கும். தாமும் தேய்ந்து அறும்.

குளிர்கால டயர் பின்னால் வந்தது. பின்லாந்து நாட்டின் நோக்கியா நகரில் இருந்த இரப்பர் தொழிற்சாலை, 1934ஆம் ஆண்டு சுமையுந்துகளுக்காக முதல் குளிர்கால டயரைச் செய்தது. 1936இல் மகிழுந்துக்கும் செய்தது. ஆழ்ந்த பள்ளங்களும் குறுக்கு விளிம்புகளும் கொண்ட அந்த டயர், பனியை அள்ளிப் பிடித்து நகர்ந்தது.

ஆனால், பள்ளம் மட்டும் போதாது. டயரின் இரப்பர் குளிரிலும் மென்மையாக இருக்க வேண்டும். இறுகிய இரப்பர் சாலையின் மேடு பள்ளங்களில் படியாது; வழுக்கும். இரப்பரின் வரலாறே குளிரோடு நடத்திய போராட்டந்தான். பதப்படுத்தாத இரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839ஆம் ஆண்டு சார்லஸ் குட்இயர் கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றும் முறையைக் கண்டறிந்த பின்னரே அது எப்பருவத்துக்கும் உதவும் பொருளாயிற்று. அவ்வாறு பதப்படுத்திய இயற்கை இரப்பர் ஏறக்குறைய சுழியத்துக்குக் கீழே 70 பாகை செல்சியசில்தான் கண்ணாடிபோல் இறுகுகிறது. டயருக்குப் பயன்படும் செயற்கை இரப்பர்களுள் பல, அந்த அளவு குளிர் வரும் முன்னரே இறுகிவிடும். இன்றைய குளிர்கால டயரில் இயற்கை இரப்பரும் செயற்கை இரப்பரும் சிலிக்காத் தூளும் கலந்தே உள்ளன. எனினும், குளிர் தாங்கும் குணத்துக்குப் பெருந்துணையாய் நிற்பது மரத்தின் பால்.

அந்த மரத்தின் கதைதான் நம் கதை. 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்திற்குச் சென்ற விதைகளின் நாற்றுகள், 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. 1896இல் டான் சே யான் மலாக்காவில் முதல் வணிகத் தோட்டத்தைத் தொடங்கினார். பின்னர்க் கிள்ளான் வட்டாரமெங்கும் காடு அழிந்து தோட்டம் எழுந்தது. மரம் நட்டவர்களும் பால் வெட்டியவர்களுமாகத் தமிழகத்திலிருந்து கங்காணிகள் வழியே கப்பலேறி வந்தோர் நம் முன்னோர். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, நிரைநிரையாக மரம் சீவி, மங்கில் வடிந்த பாலைக் காண்டா வாளியில் சுமந்தனர். 1920களில் உலக இரப்பரில் ஏறக்குறைய பாதி மலாயாவில் விளைந்தது. பின்லாந்தில் குளிர்கால டயர் பிறந்தபோது, டயருக்கு மரத்துப் பாலன்றி வேறு இரப்பர் இல்லை எனலாம்.

அந்தப் பாலைச் சுமந்தவரின் நிலை என்ன? 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி கேட்டனர். அக்கோரிக்கைப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது. தோட்டத்துத் துரையும் அதிகாரிகளும் எதிர்ப்படும்போது தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்க வேண்டும் என்னும் வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது. உலகம் உருளுவதற்கு டயரின் பால் கொடுத்தவனுக்குத் தன் இரு டயர்களின்மேல் அமர்ந்து செல்ல உரிமையில்லை! வேலைநிறுத்தத்தை முன்னின்று நடத்திய ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிர்கள் பறிபோயின.

இனி, பெற்றோர் கேட்ட கேள்விக்கு வருவோம்.

நான்கு சக்கர இயக்கத்தைச் சாதாரண மக்களின் மகிழுந்துக்குக் கொண்டுவந்தவற்றுள் முன்னோடி, 1972இல் சப்பானில் விற்பனைக்கு வந்த சுபாரு லியோன். பனி மிகுந்த தோஹொக்கு வட்டாரத்து மின் நிறுவனத்தின் தேவையிலிருந்தே அது உருவானது. இத்தகைய வண்டி பனியில் எளிதில் கிளம்பும்; மேட்டில் ஏறும். ஆனால், நிற்பது வேறு கதை. எல்லா மகிழுந்துகளுக்கும் நான்கு சக்கரங்களிலும் நிறுத்துகருவி உண்டு. எனவே, நிற்கும்போதும் வளைவில் திரும்பும்போதும் இந்த வண்டிக்குத் தனிச் சலுகை ஏதும் இல்லை. அங்கே காப்பது டயர் ஒன்றே. சொல்லப்போனால், எளிதாகக் கிளம்புவதால் 'சாலை நன்றாகத்தான் இருக்கிறது' என்று ஓட்டுநர் ஏமாறுவதே இவ்வண்டியின் ஆபத்து.

அப்படியானால் டயரா, சங்கிலியா? ஒவ்வொரு நாடும் தன் பனியைப் பார்த்து விடை கண்டிருக்கிறது. கனடாவின் கியூபெக் மாநிலத்தில் குளிர் ஒரு முழுப் பருவம். அங்கு 2008 முதல் குளிர்கால டயர் கட்டாயம். பொதுச்சாலையில் சாதாரண மகிழுந்துக்குச் சங்கிலி பூட்டவும் தடை உண்டு. சுவிட்சர்லாந்தில் மலைக் கணவாய்களில் சங்கிலி வரைந்த வட்ட நீலப் பலகை நின்றால், சங்கிலி பூட்டியே செல்ல வேண்டும். காசுமீரின் குல்மர்க் சாலையில் பனி கொட்டும் நாள்களில், சங்கிலி பூட்டிய வண்டிகளையே காவலர் விடுவர். அங்கே பனி என்பது சமவெளியிலிருந்து ஏறி வரும் வண்டிக்குச் சில கல் தொலைவுச் சிக்கல். சப்பானோ இரண்டையும் கேட்கிறது. 2018இல் வந்த விதிப்படி, கடும்பனி எச்சரிக்கையின்போது குறிப்பிட்ட 13 சாலைப்பகுதிகளில் குளிர்கால டயர் இருந்தாலும் சங்கிலி பூட்ட வேண்டும்.

இவற்றிலிருந்து நான் கண்ட தெளிவு இதுதான். மாதக்கணக்கில் குளிரில் வாழ்பவருக்குக் குளிர்கால டயரே அடிப்படை. வெப்பம் 7 பாகைக்குக் கீழே செல்லும் பருவத்தில், பனி இல்லாத ஈரச் சாலையிலும் அது துணை நிற்கும். மூன்று மலைமுகடுகளும் பனித்துகளும் கொண்ட சின்னம் டயரின் பக்கவாட்டில் இருக்கிறதா என்று பார்த்து, நான்கையும் ஒரே வகையில் பூட்ட வேண்டும். விசை செல்லும் சக்கரங்களுக்கு மட்டும் என்று பேசினால், அது இங்கு நான்கும்தானே!

சங்கிலி வண்டியின் பின்பெட்டியில் இருக்கட்டும். மலைச்சாலைக்கும் கடும்பனிக்கும் சட்டம் கேட்கும் இடத்திற்கும் அதுவே மருந்து. எந்தச் சக்கரத்தில் பூட்டலாம் என்பது வண்டிக்கு வண்டி மாறும். சில வண்டிகளில் சங்கிலிக்கு இடமே இராது. ஆதலால், கையேட்டைப் படித்த பிறகே வாங்க வேண்டும். பூட்டினால் மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டருக்கு மேல் விரையக்கூடாது. பனி முடிந்த இடத்தில் கழற்றிவிட வேண்டும். இருட்டில், விரல் விறைக்கும் குளிரில் முதன்முறையாகக் கற்காமல், வீட்டு வாசலிலேயே ஒருமுறை பூட்டிப் பழகுவது நல்லது. ஆகவே, அந்த மகனுக்கு என் விடை: முதலில் நான்கு டயர், பிறகு, மலைக்குப் போவதானால், சங்கிலி.

ஆசிரியத் தோழர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் தோட்டங்களில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்புப் பகுதிகள் வந்தன. 1972இல் ஷா ஆலமில் தொடங்கிய குட்இயர் டயர் தொழிற்சாலையும் 2024இல் மூடப்பட்டது. மேருவில் இரப்பர் என்றால், இன்றைய பிள்ளைகளுக்குக் கையுறைத் தொழிற்சாலைதான் நினைவுக்கு வரும். கித்தா வெட்டிய கைகளைப் பார்க்கும் வாய்ப்பு அவர்களுக்குக் குறைந்துகொண்டே வருகிறது. உலக வரைபடத்தை விரித்து, கிள்ளானிலிருந்து பின்லாந்து வரை ஒரு கோடு இழுக்கச் சொல்லுங்கள். வீட்டில் பாட்டி இருந்தால், மங்கு என்றால் என்ன, பெரட்டு என்றால் என்ன என்று கேட்டு வந்து எழுதச் சொல்லுங்கள். பனியையே பார்த்திராத அந்தக் கைகளின் உழைப்பு, பனிச்சாலையில் யாரோ ஒரு குழந்தை பத்திரமாக வீடு சேரத் துணைநின்றது என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியவேண்டும். 'தோட்டத்துப் பிள்ளை' என்னும் சொல்லை அதன்பின் அவர்கள் தலைகுனிந்து சொல்லமாட்டார்கள்.