சத்தமில்லாத ஓட்டு



நெருக்கடி நிலையை முடித்து வைத்தது தலைவர்களா, மக்களா? இதுதான் இன்றைய தலைப்பு. மக்களே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஒரு போடு போட்டார். "தேர்தலை அறிவிச்சது யாரு? இந்திரா காந்தி அம்மையார்தானே! அவங்க பெருந்தன்மையா கொடுத்தாங்க, ஜனங்க வாங்கிக்கிட்டாங்க" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள்.

ஐயா, 1971 மார்ச்சில் கூடிய மக்களவை அது. ஐந்து வருஷம் 1976 மார்ச்சோடு முடிஞ்சு போச்சு. 1976 பிப்ரவரியில் ஒரு வருஷம் நீட்டினார்கள். நவம்பரில் இன்னொரு வருஷம் நீட்டினார்கள். வாடகைக்கு இருக்கிறவர் காலி பண்ண வேண்டிய தேதியை ரெண்டு தடவை தள்ளிப் போட்டுட்டு, அப்புறம் "சரி, சாவியைத் தர்றேன்"ன்னு சொன்னா அதுக்குப் பேரு தானமா? (சிரிப்பு)

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 1975 ஜூன் 12. அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஜக்மோகன்லால் சின்கா, ரேபரேலியில் இந்திரா பெற்ற வெற்றி செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார். வழக்குப் போட்டவர் அங்கே தோற்றுப் போன ராஜ்நாராயண். பதின்மூன்றே நாள். ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை வந்தது. விடிவதற்குள் ஜெயப்பிரகாஷ் நாராயணைக் கைது செய்துவிட்டார்கள். விசாரணை இல்லாமல் சிறைக்குப் போனவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். பத்திரிகைக்குத் தணிக்கை. ஜூன் 28 அன்று இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்கம் வெளிவர வேண்டிய இடத்தை வெறும் வெள்ளையாக விட்டது.

நடுவர் அவர்களே, அந்த வெள்ளை இடம்தான் என் வாதத்துக்கு ஆதாரம். வாயைக் கட்டினால் என்ன ஆகும்? கட்டினவனுக்கும் காது கேட்காமல் போகும். ஊரே மௌனம். மேலே இருக்கிறவங்க அந்த மௌனத்தைச் சம்மதம்னு எடுத்துக்கிட்டாங்க. ஜெயிப்போம்ங்கிற நம்பிக்கை இல்லாம யாருங்க தேர்தல் வைப்பாங்க?

1977 ஜனவரி 18 அன்று அறிவிப்பு வந்தது. தலைவர்கள் பலர் அப்போதுதான் ஜெயிலிலிருந்து வெளியே வருகிறார்கள். ஜனவரி 23-ல் ஜனதா கட்சி. நாலு கட்சி சேர்ந்த கூட்டு. சொந்தமாகச் சின்னம்கூடக் கிடையாது. சரண்சிங் கட்சியின் ஏர் உழவன் சின்னத்தை வாங்கிக்கொண்டு நின்றார்கள். ஜார்ஜ் பெர்னாண்டஸ் சிறைக்குள்ளேயே இருந்தபடி முசாபர்பூரில் போட்டியிட்டார். விலங்கிட்ட கையைத் தூக்கிய அவர் படம்தான் ஓட்டுக் கேட்டது. மூன்று லட்சம் வாக்குக்கு மேல் வித்தியாசம்!

பிப்ரவரியில் ஜெகஜீவன்ராம் மந்திரி பதவியை விட்டு வெளியே வந்தார். டெல்லி ராம்லீலா மைதானத்தில் கூட்டம். அன்றைக்கென்று தொலைக்காட்சியில் 'பாபி' சினிமா போட்டார்கள். ஜனங்க வீட்டோட இருந்துடுவாங்கன்னு கணக்கு. மைதானம் நிரம்பி வழிஞ்சது. (கைதட்டல்)

மார்ச்சில் எண்ணினார்கள். உத்தரப்பிரதேசத்தில் 85 தொகுதி, பீகாரில் 54. இரண்டிலும் காங்கிரஸுக்கு ஒன்றுகூட இல்லை. ரேபரேலியில் இந்திராவே 55,000 வாக்குக்கு மேல் வித்தியாசத்தில் தோற்றார். ஜெயித்தவர் யார்? அதே ராஜ்நாராயண். அமேதியில் சஞ்சய் தோற்றார். ரெண்டு மாசக் குழந்தை ஜனதாவுக்கு 295 இடம். தலைவர்கள் சாதனையா இது? அவர்களுக்குப் பிரசாரம் பண்ணவே நேரம் போதவில்லை.

எதிரணி அம்மா துண்டுச்சீட்டை ஆட்டுகிறார்கள். தெரியும்மா, என்ன கேட்கப் போறீங்கன்னு. "தமிழ்நாட்டில் என்ன ஆச்சு?"

நியாயமான கேள்வி. என் அணிக்குச் சங்கடமான கேள்வியும்கூட. நெருக்கடியை எதிர்த்த தி.மு.க. ஆட்சி 1976 ஜனவரி 31-ல் கலைக்கப்பட்டது. சென்னையின் முன்னாள் மேயர் சிட்டிபாபு சிறையில் அடிபட்டு, 1977 ஜனவரியில் இறந்தே போனார். ஆனாலும் இங்கே 39-ல் 34 இடம் காங்கிரஸோடு நின்ற அ.தி.மு.க. கூட்டணிக்கு. ஆந்திராவில் 42-ல் 41 காங்கிரஸுக்கு. அங்கே தப்பிய ஒருவர் நந்தியாலில் நீலம் சஞ்சீவ ரெட்டி.

அப்போ நம்ம ஜனங்களுக்குச் சுதந்திரம் பிடிக்காதா? அப்படிச் சொல்ல மாட்டேன். 1976-77 ஒரே வருஷத்தில் நாடு முழுக்க 80 லட்சத்துக்கு மேல் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன். ஆனால் கட்டாயம் கொடூரமாக இருந்தது வடக்கே. உத்தரப்பிரதேசத்தில் வாத்தியார் ஆள் பிடித்துக் கொடுக்கவில்லை என்றால் சம்பளம் நின்றது. பஸ்ஸில் போகிறவனை இறக்கினார்கள். அரசாங்கம் அங்கே படுக்கையறை வரைக்கும் வந்துடுச்சுங்க. இங்கே அது கட்சிக்காரன் வீட்டோடு நின்றுவிட்டது. பக்கத்து வீட்டுக்காரன் பேப்பரில் தேடினால் அதிலும் செய்தி இல்லை. அடி எங்கே விழுந்ததோ அங்கேதான் ஓட்டு திரும்பியது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு அடியும் நமக்கு வலித்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

இன்னொன்று. ஜெயித்த தலைவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொண்டு 1979-ல் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். 1980-ல் அதே ஜனங்கள் இந்திராவுக்கு 353 இடம் கொடுத்தார்கள். துரத்திய ரேபரேலியே திரும்பக் கூப்பிட்டது. அமேதி சஞ்சயை அனுப்பியது. இதை மறதி என்று எதிரணி சொல்லட்டும். கணக்குத் தீர்த்தாச்சு, இனி புதுக் கணக்கு என்று அந்த ஊர்க்காரன் நினைத்ததாக நான் சொல்கிறேன்.

மணி அடிச்சுட்டீங்க, நடுவர் ஐயா. ஒரே ஒரு தேதி. நெருக்கடி நிலை விலக்கப்பட்டது 1977 மார்ச் 21. தேர்தலை அறிவித்த அன்றைக்கு இல்லை. ஓட்டுப் போட்டபோதும் இல்லை. ரேபரேலி முடிவு தெரிந்த பிறகு.