டிராம் வண்டியும் கைத்தொலைபேசியும்



ஜார்ஜ் டவுனில் 1906 முதல் 1936 வரை மின்சார டிராம் ஓடியதை நான்காம் ஆண்டு வரலாற்று வகுப்பில் கூறிக்கொண்டிருந்தேன். "தண்டவாளத்தில்தானே போகும்! ஓட்டுநர் தூங்கினாலும் பரவாயில்லையா, ஐயா?" என்றான் ஒரு மாணவன். வகுப்பே சிரித்தது.

வண்டியைத் திருப்பும் வேலை அவருக்கு இல்லைதான். ஆனால், குறுக்கே மாட்டுவண்டியோ ரிக்‌ஷாவோ வந்தால் டிராம் விலகிச் செல்ல இயலாது, நிறுத்துவதே வழி. 1925 முதல் 1961 வரை ஓடிய டிராலி பஸ்ஸுக்குத் தண்டவாளமும் இல்லை. ஓட்டுநர் சாலையையும் கவனிக்க வேண்டும். தலைக்கு மேலிருந்த மின்கம்பியைவிட்டு அதிகம் விலகாமலும் ஓட்ட வேண்டும்.

நம் கார்களுக்குக் கம்பியும் இல்லை. கையில் தொலைபேசி இருக்கிறது. மலேசியச் சாலைப் போக்குவரத்து விதிகள் 1959-ஆம் ஆண்டில் பிறந்தவை. ஓட்டும்போது கைத்தொலைபேசியைப் பிடித்துப் பேசுவதைத் தடுக்கும் '17ஏ' விதி பிற்காலத்தில் இடையே செருகப்பட்டது. 'காதுக்கருவியில்தானே பேசுகிறேன்' என்பார் பலர். 1997-இல் கனடாவின் தொராந்தோவில் 699 வாகனமோட்டிகளை ஆராய்ந்த ரெடல்மையரும் டிப்ஷிரானியும், பேசும்போது மோதும் அபாயம் ஏறத்தாழ நான்கு மடங்காவதைக் கண்டனர். கையில் பிடிக்காமல் பேசியோருக்கும் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை.

இதை எழுதும் நானும் தவறியவனே. ஒருநாள் பர்மா சாலையின் சமிக்ஞை விளக்கருகே குறுஞ்செய்தி படித்துக்கொண்டிருந்தேன். பின்னால் ஹாரன் ஒலித்தது. தலை நிமிராமலே காரை நகர்த்தினேன். "அப்பா!" என்று மகள் அலறினாள். சாலையைக் கடந்துகொண்டிருந்த முதியவர் ஒருவர் என் காரின் முன்புறத்தில் கையூன்றி நின்றிருந்தார். அன்று முதல் என் கைத்தொலைபேசி, மகளின் புத்தகப்பைக்குள் பின்னிருக்கையில் பயணம் செய்கிறது.