ஒரு தலைப்பும் ஓர் அளவுகோலும்

2011 ஜூலை 28ஆம் திகதி இரவு வெளிநாட்டுச் செய்திப் பக்கத்துக்கு நானே பொறுப்பாக இருந்தேன். கியோட்டோவிலிருந்து வந்த செய்தி இதுதான்: ஏப்ரல் முதல் ஜூன் வரையான மூன்று மாதங்களில் நின்டெண்டோவின் 3டி.எஸ். கையடக்க விளையாட்டுக் கருவி உலகம் முழுவதிலும் 7 இலட்சத்து 10 ஆயிரம் மட்டுமே விற்பனையாகியிருந்தது. அதன் விலை யப்பானில் 25,000 யென்னிலிருந்து 15,000 யென்னாகக் குறைக்கப்படவிருந்தது. தலைவர் சதோரு இவாத்தா தமது சம்பளத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார். கையடக்கக் கருவிகளின் காலம் முடிந்தது என்ற பொருளில் நான் தலைப்பிட்டேன். செய்தியிலிருந்த எண்கள் யாவும் சரியானவை, தலைப்புத்தான் பிழை.

அன்று நான் மட்டுமல்ல, பங்குச்சந்தை ஆய்வாளர் பலரும் 3டி.எஸ். கருவியை அதற்கு முந்திய டி.எஸ். கருவியோடு நிறுத்தே பார்த்தார்கள். 2004 டிசம்பரில் வெளிவந்த டி.எஸ்., யப்பானில் மட்டும் ஏறத்தாழ 3 கோடியே 30 இலட்சம் விற்றது. நாட்டு மக்களில் நால்வருக்கு ஒன்று என்ற கணக்கு. ஆனால் அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதை எண்ணிப் பார்த்தவர் குறைவு. 2005இல், தொஹொக்கு பல்கலைக்கழகப் பேராசிரியர் ரியூத்தா கவாஷிமாவின் பெயரோடு வந்த மூளைப் பயிற்சி விளையாட்டு, அதற்கு முன்னர் இத்தகைய கருவியைத் தொட்டறியாத நடுத்தர வயதினரையும் முதியோரையும் கடைக்கு அழைத்து வந்தது. அவர்கள் ஒருமுறை வந்தவர்கள்; அடுத்த கருவிக்கும் வருவார்கள் என்பதற்கு எந்த உறுதியும் இருக்கவில்லை. போதாக்குறைக்கு டி.எஸ். லைட், டி.எஸ்.ஐ. என்று புதிய வடிவங்கள் வர, பழையதை வைத்திருந்தவர்களே மீண்டும் வாங்கினார்கள். விற்ற கருவிகளின் தொகை வேறு, விளையாடிய மனிதரின் தொகை வேறு. பத்திரிகை விற்பனையை அறிந்த எங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். தேர்தல் முடிவு வெளியான நாளின் விற்பனையை வைத்து எந்த முகாமையாளரும் மறுநாள் அச்சிடுவதில்லை.

பொருத்தமான ஒப்பீடு அதற்கும் முந்தியது. 2001இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் யப்பானில் ஏறத்தாழ 1 கோடியே 70 இலட்சம் விற்றது. அதனை எவரும் தோல்வி என்றதில்லை. 1989இல் 12,500 யென் விலையில் வந்த முதல் கேம் பாய், அதன் வண்ணத்திரை வடிவத்தையும் சேர்த்து, 3 கோடியே 24 இலட்சத்தை எட்டியது உண்மை. ஆனால் அதற்குப் பத்தாண்டுகளுக்கும் மேல் எடுத்தது. பழசாகிவிட்டதாகக் கருதப்பட்ட அக்கருவிக்கு 1996இல் போக்கிமொன் வந்து மறுவாழ்வு கொடுத்தது.

இதே அளவுகோலால் அடிபட்ட இன்னொன்று சொனியின் பி.எஸ்.பி. டி.எஸ். வந்து பத்தே நாட்களில் யப்பானியக் கடைகளுக்கு வந்த அது, அங்கு ஏறத்தாழ 2 கோடி விற்றது. மொன்ஸ்டர் ஹண்டர் விளையாட்டுக்காக நண்பர்கள் கூட்டாக அமர்ந்து விளையாடும் பழக்கத்தையே அது உருவாக்கியது. கேம் பாய் அட்வான்ஸையும் விஞ்சிய அக்கருவியை இன்றும் சிலர் தோற்றது என்று எழுதுகிறார்கள்.

என் தலைப்புக்கு என்ன நேர்ந்தது? 2011 ஓகஸ்ட் 11இல் விலை இறங்கியது. ஆண்டிறுதியில் மரியோ விளையாட்டுகளும் மொன்ஸ்டர் ஹண்டரும் வந்தன. விற்பனை தொடங்கி ஓராண்டுக்குள் 3டி.எஸ். யப்பானில் 50 இலட்சத்தைத் தொட்டது, டி.எஸ். கூட அவ்வளவு விரைவாகத் தொடவில்லை. அடக்கவிலைக்கும் கீழே விற்றதால் நிறுவனம் அந்த நிதியாண்டில் 4,320 கோடி யென் இழந்தது என்பதையும் சொல்ல வேண்டும். வெற்றி இலவசமாக வரவில்லை. முடிவில் 3டி.எஸ். யப்பானில் இரண்டரைக் கோடியைக் கடந்தது. திறன்பேசி எல்லாப் பைகளுக்குள்ளும் புகுந்துகொண்டிருந்த காலத்தில் பெற்ற எண் அது.

அப்படியானால் எதுவும் தோல்வியில்லையா? உண்டு. 2011 டிசம்பரில் வந்த சொனியின் வீற்றா முதல் வாரத்தில் 3 இலட்சத்துக்கு மேல் விற்று, மறுவாரமே ஒரு இலட்சத்துக்கும் கீழே விழுந்தது. அதனை டி.எஸ். கருவியோடு ஒப்பிடத் தேவையே இல்லை. தன் முன்னோடியான பி.எஸ்.பி.யின் மூன்றில் ஒரு பங்கைக்கூட அது யப்பானில் எட்டவில்லை. 2019இல் அதன் உற்பத்தி நின்றபோது அச்செய்தி என் மேசைக்கும் வந்தது. இம்முறை தலைப்பிட முன்னர் பழைய எண்களை எடுத்துப் பார்த்தேன்.