பத்து மதிப்பெண்ணின் வரலாறு: விருதுநகர் மாவட்டத்தை முன்வைத்து

சென்னை மாகாணத்தில் 1911இல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வு தொடங்கியபோது, மாணவர் கையில் கொடுக்கப்பட்டது ஒற்றைத் தாள் அன்று, ஒரு புத்தகம். அதில் பொதுத்தேர்வு மதிப்பெண்ணோடு பள்ளியில் அவர் படித்த பதிவும் இருந்தது. அதற்குமுன் பல்கலைக்கழகம் நடத்திய மெட்ரிகுலேஷன் தேர்வு, ஒரு சில நாள் எழுத்தை மட்டுமே பார்த்தது. பல ஆண்டு உழைப்பையும் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் அந்தப் புத்தகத்தோடு வந்தது. பள்ளி போடும் மதிப்பெண்ணை எப்படி நம்புவது என்ற கேள்வியும் அதோடு சேர்ந்தே வந்தது. அந்தக் கேள்விக்கு நாம் இன்னும் விடை காணவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது. 1980 மார்ச்சில் முதல் பிளஸ் டூ தேர்வு நடந்தது. செய்முறைத் தேர்வு நீங்கலாக, முடிவைத் தீர்மானித்தது எழுத்துத் தேர்வுதான். 2012-13இல் எட்டாம் வகுப்பு வரை முப்பருவ முறை வந்தபோது பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் செய்யும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று பிரித்தார்கள். பொதுத்தேர்வு வகுப்புகளை அது தொடவில்லை. 2017இல் செய்த மாற்றம்தான் பெரியது. பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 1200 மதிப்பெண் 600 ஆனது. ஒவ்வொரு பாடத்திலும் 10 மதிப்பெண், பள்ளியே போடும் அகமதிப்பீட்டுக்கு ஒதுக்கப்பட்டது. வருகைக்கு 2, பள்ளித் தேர்வுகளுக்கு 4, ஒப்படைவு அல்லது செயல்திட்டத்துக்கு 2, கல்வி இணைச் செயல்பாடுகளுக்கு 2.

இந்தப் பத்தின் எடையை உணரத் தேர்ச்சி விதியைப் பார்க்க வேண்டும். செய்முறை இல்லாத பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 90. அதில் குறைந்தது 25 எடுக்க வேண்டும். மொத்தத்தில் 35 எடுத்தால் தேர்ச்சி. 25உடன் அகமதிப்பீடு பத்தையும் முழுதாகக் கூட்டினால் சரியாக 35. ஆசிரியர் நேர்மையாக மதிப்பிட்டு 6 போட்டால் அதே மாணவர் 31இல் நின்றுவிடுவார். பத்துக்குப் பத்து போடும் வழக்கம் ஏன் பரவியது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. ஆசிரியரின் மனச்சாட்சியைக் குறை சொல்வதில் பயனில்லை. விதியே அவரை அங்கே தள்ளுகிறது.

விருதுநகரில் இந்த அழுத்தம் இரட்டிப்பாகிறது. 1985இல் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்த இந்த மாவட்டம், பல ஆண்டுகள் தொடர்ந்து தேர்ச்சி விழுக்காட்டில் மாநிலத்தில் முதலிடத்தில் நின்றது. 2018இலும் 2023இலும் பிளஸ் டூவில் மீண்டும் முதலிடம் பெற்றது. அந்தப் பெருமைக்கு ஆழ்ந்த வேர் உண்டு. வணிகர்கள் தம் வணிகத்திலிருந்து பொதுப்பணிக்கு எடுத்துவைத்த மகமைப் பணத்தில் நடத்திய பள்ளிகளில் ஒன்றான சத்திரிய வித்தியாசாலை 1889இலேயே எழுந்தது. காமராசர் படித்த பள்ளி அது. மாலை ஸ்பெஷல் கிளாஸ், மெல்லக் கற்போருக்குத் தனிக் கவனம் என ஆசிரியர்கள் கொட்டும் உழைப்பு உண்மையானது. 2017இல் மாநில ரேங்க் பட்டியலை அரசு நிறுத்தியது. மாவட்ட விழுக்காட்டை நிறுத்தவில்லை. மாவட்டத்தின் பெயர் அந்த எண்ணில் தொங்கும்போது, பத்தில் ஒன்றைக் குறைக்க எந்தத் தலைமையாசிரியருக்குத் துணிவு வரும்?

வேறு ஊர்கள் இதை எப்படிக் கையாண்டன? ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், ஒரு பள்ளியின் மாணவர்கள் பொதுத்தேர்வில் எடுக்கும் சராசரிக்கும் முதல் மதிப்பெண்ணுக்கும் ஏற்ப அப்பள்ளி போட்ட மதிப்பெண்களின் சராசரியும் முதல் மதிப்பெண்ணும் மாற்றப்படுகின்றன. ஒரு கற்பனைக் கணக்கு: மூன்று மாணவர்களுக்குப் பள்ளி 98, 95, 92 போட்டிருக்கிறது. பொதுத்தேர்வில் அதே மூவர் வாங்கியவை 80, 70, 60. பள்ளி மதிப்பெண் இப்போது 80, 70, 60 என்று மாறும். பள்ளியின் தாராளம் கரைந்துவிடுகிறது. ஆனால் வரிசை பள்ளியுடையதுதான். பள்ளியில் முதலாவதாக இருந்தவர் தேர்வன்று காய்ச்சலோடு எழுதி அந்த 60ஐ எடுத்தவராக இருந்தாலும், அவருடைய பள்ளி மதிப்பெண் 80 ஆகவே இருக்கும். ஆசிரியரின் தீர்ப்பை இம்முறை மதிக்கிறது, அதன் அளவுகோலை மட்டும் திருத்துகிறது. மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளியில் ஒருவரின் தடுமாற்றமே சராசரியை இழுத்துவிடும் என்பது இதன் பலவீனம்.

மதிப்பெண்ணைச் சரிசெய்வது என்றாலே தமிழருக்கு ஓர் அச்சம் உண்டு, அது நியாயமானதும்கூட. இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் மொழிவாரியாகக் கொண்டுவந்த தரப்படுத்தல், தமிழ் மாணவர்களின் பல்கலைக்கழக வாசலைக் குறுக்கியது. இங்கிலாந்தில் 2020இல் தேர்வே நடத்தாமல், பள்ளியின் பழைய முடிவுகளை வைத்துக் கணினி வாய்பாடு தரம் போட்டது. ஏறத்தாழ 40 விழுக்காடு தரங்கள் ஆசிரியர் கணித்ததைவிடக் குறைந்தன. சில நாளில் அதைக் கைவிட்டார்கள். இரண்டிலும் மாணவர், தாம் எழுதாத ஒன்றுக்காகத் தண்டிக்கப்பட்டார். அதே குழு எழுதிய தேர்வைக் கொண்டு அதே குழுவின் பள்ளி மதிப்பெண்ணைத் திருத்துவது இவற்றிலிருந்து அடிப்படையிலேயே வேறு.

நமக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல. தொழிற்கல்வி நுழைவுத்தேர்வை ஒழித்த 2006ஆம் ஆண்டுச் சட்டத்தில், பிற வாரிய மாணவர்களின் மதிப்பெண்ணை மாநில வாரியத்தோடு சமன்செய்யும் விதி உள்ளது. அங்கே முதல் மதிப்பெண் 90, இங்கே 100 என்றால், அங்கு வாங்கிய 60 இங்கு 66.66 ஆகும். வாரியங்களுக்கு இடையே ஏற்றுக்கொண்டதைப் பள்ளிகளுக்கு இடையே செய்து பார்க்கவில்லை.

பள்ளிப் பதிவைத் திருத்தாமல் அப்படியே ஏற்கும் குறையைக் கொரோனாக் காலம் வெளிச்சமிட்டது. 2020இல் பத்தாம் வகுப்புக்குக் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 விழுக்காடும் வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடும் எடுத்தார்கள். விருதுநகரின் பட்டாசுப் பகுதியை அறிந்தவர் இங்கே நின்று யோசிக்க வேண்டும். 2019இல் தீபாவளி அக்டோபர் 27. காலாண்டுத் தேர்வு செப்டம்பரில் நடந்தது. சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் பட்டாசு வேலை உச்சத்தில் இருக்கும் மாதங்கள் அவை. பட்டாசு, தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகள் பள்ளியை இழந்த வரலாறு, 1996 டிசம்பர் 10இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது. அதன்பின் நிலைமை பெரிதும் மாறியிருக்கிறது. ஆனாலும் பெற்றோர் இருவரும் ஆலைக்குப் போக, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளும் பெண்பிள்ளையின் வருகைப் பதிவும், கடைக்காரர் மகனின் வருகைப் பதிவும் ஒரே பொருள் கொண்டவை அல்ல.

2021இல் பிளஸ் டூவுக்குப் பத்தாம் வகுப்பிலிருந்து 50, பிளஸ் ஒன் எழுத்துத் தேர்விலிருந்து 20, பிளஸ் டூ செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 விழுக்காடு சேர்த்தார்கள். 70 விழுக்காடு பொதுத்தேர்விலிருந்து வந்தது. அதே மாணவர்கள் எழுதிய தேர்வு. பள்ளியின் 30ஐத் திருத்தத் தேவையான சான்று தேர்வுத்துறையின் கையில் இருந்தது. அதைப் பயன்படுத்தாமல் கூட்டல் மட்டும் நடந்தது.

2024இல் சி.பி.எஸ்.இ., செய்முறை மதிப்பெண்ணும் எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணும் பெரிதும் முரண்பட்ட சுமார் 500 பள்ளிகளைக் கண்டறிந்து எச்சரித்தது. தமிழகத்தில் 2025இல் வந்த மாநிலக் கல்விக் கொள்கை பிளஸ் ஒன் பொதுத்தேர்வை நீக்கியிருக்கிறது. ஒப்பிட்டுப் பார்க்க இருந்த ஒரு தேர்வு குறைந்துவிட்டது. இந்நிலையில் தேர்வுத்துறை முதலில் செய்யக்கூடியது, ஒவ்வொரு பள்ளியின் அகமதிப்பீட்டுச் சராசரியையும் எழுத்துத் தேர்வுச் சராசரியையும் அருகருகே வெளியிடுவது. விருதுநகரில் தொடங்கினால், வருகைக்கான 2 மதிப்பெண்ணைத் தனியே பிரித்து, பட்டாசு வட்டாரப் பள்ளிகளையும் அருப்புக்கோட்டை, ராஜபாளையம் பள்ளிகளையும் ஒப்பிடலாம். அந்த 2 மதிப்பெண் மாணவரின் படிப்பை அளக்கிறதா, வீட்டின் வேலைக் காலத்தை அளக்கிறதா என்பது அப்போது எண்ணாகவே தெரியும்.