‘வேண்டாம்’ என்ற பெண்

நாவல் வாசித்தால் பெண்கள் கெட்டுப்போவர் என்று கூறியோர் பலர். அன்னார்க்கு ஒரு நாவலின் சரித்திரத்தை நாம் எடுத்துரைப்போம்.

அமெரிக்காவில், பாஸ்டன் நகரப் பிரசுரகர்த்தர் தாமஸ் நைல்ஸ், சிறுமியர்க்கென ஒரு கதை எழுதித் தருமாறு லூயிசா மே ஆல்காட் அம்மையாரை வேண்டினார். அம்மையாருக்கு அதில் விருப்பமில்லை. ஆயினும் குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு அவருடையது. தம் சகோதரியரையே மாதிரியாகக் கொண்டு எழுதினார். 1868இல் ‘லிட்டில் விமன்’ வெளிவந்தது. தகப்பனார் யுத்தத்திற்குச் சென்றிருக்க, தாயுடன் வாழும் நான்கு பெண்களின் கதை அது. அவர்களுள் ஜோ என்பவள் கதை எழுதிப் பொருளீட்டுகிறாள். நமக்கு மிக உவப்பானவள் அவளே.

அவளை அண்டைவீட்டு லாரிக்கு மணமுடிக்குமாறு இளம் வாசகியர் கடிதம் எழுதினர். ஆசிரியை இணங்கவில்லை. விவாகமே பெண்வாழ்வின் பயன் என்னும் எண்ணம் அவருக்கு உடன்பாடன்று. 1869இல் வந்த இரண்டாம் பாகத்தில் ஜோ லாரியை மறுக்கிறாள். பின்னர்த் தன் மனம் நாடிய பேராசிரியரை மணக்கிறாள். ஆல்காட் அம்மையாரோ இறுதிவரை மணம் புரிந்திலர். 1879இல் மாசசூசெட்ஸ் மாகாணம் பள்ளிக்கூடக் குழுத் தேர்தலில் பெண்டிர்க்கு வாக்குரிமை அளித்தபோது, கான்கார்ட் ஊரில் முதற் பெண்ணாகப் பெயர் பதிந்தவரும் அவரே.

‘வேண்டாம்’ எனச் சொல்லும் உரிமை தனக்கும் உண்டென்று ஒரு பெண் கதையொன்றினால் அறிவாளாயின், அது கேடாகுமா? பெற்றோரே, சிந்திப்பீர்!