கோப்பியும் கோப்பையும் கொப்பியும்

கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பெருந்தெரு புசல்லாவையைக் கடந்து, தவலந்தென்னையைத் தொட்டு, இறம்பொடையில் மலையைச் சுற்றத் தொடங்குகிறது. தவலம் என்ற சிங்களச் சொல்லுக்குப் பொதிமாட்டு வரிசை என்று பொருள். தார்த் தெரு வருவதற்கு முன்னர் பொதிமாடுகள் ஏறி இறங்கிய வழி இது என்பதை ஊர்ப்பெயரே காட்டிக்கொடுக்கிறது. இன்று இந்தத் தெருவில் பயணம் செய்வோர் இறங்கி நின்று ஒரு கோப்பை தேநீரோ கோப்பியோ பருகாமல் போவது அபூர்வம். ஒரு பக்கம் நீர்வீழ்ச்சி, மறு பக்கம் தேயிலை மலை, நடுவிலே கடை. அந்தக் கடையின் வரலாற்றைத்தான் நேயர்களோடு இன்று பகிர்ந்துகொள்ள விரும்புகின்றேன்.

முதலில் ஒரு சொல் விசேடத்தைக் கவனிக்க வேண்டும். நமது நாட்டுத் தமிழில் கோப்பி என்பது பானம். கோப்பை என்பது அதை ஏந்தும் பாத்திரம். கொப்பி என்பது எழுதும் ஏடு. ஓசையில் நெருங்கிய இந்த மூன்று சொற்களும் மலையகத்துக் கடையொன்றில் ஒரே மேசையில் கூடியிருந்தன. குடித்தவன் கோப்பையை வைத்துவிட்டு எழும்ப, கடைக்காரர் கொப்பியை விரித்துக் கடனைப் பதிவார். சம்பள நாள் வரும் வரைக்கும் அந்தக் கொப்பிதான் இருவருக்கும் இடையிலான உறவு. மலையக மக்களின் கதையையும் இந்த மூன்று சொற்களைக் கொண்டே சொல்லிவிடலாம் எனத் தோன்றுகிறது.

கோப்பியிலிருந்து தொடங்குவோம். சிங்களக் கிராமங்களில் தேநீர்க் கடையை இன்றும் "கோப்பிக் கடே" என்றே அழைக்கிறார்கள். தொலைக்காட்சியில் பல்லாண்டுகள் ஓடிய ஒரு தொடர் நாடகத்துக்கும் அதுவே பெயர். விற்பது தேநீர், பெயரோ கோப்பி! பயிர் அழிந்த பின்னரும் பெயர் அழியவில்லை. கண்டிச் சீமையில் கோப்பிச் செடி ஆங்கிலேயர் வருமுன்னரே இருந்தது. ஆனால் அக்காலத்து மக்கள் அதன் பூவைக் கோயிலுக்கும் இலையைக் கறிக்கும் பயன்படுத்தினார்களே தவிர, கொட்டையை வறுத்துக் குடிக்கும் வழக்கம் அவர்களிடம் பரவியிருக்கவில்லை என்று பழைய குறிப்புகள் கூறுகின்றன.

1824ஆம் ஆண்டு ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் கோப்பித் தோட்டம் அமைத்தார். ஆளுநர் எட்வர்ட் பாண்ஸ் தாமே கன்னொறுவையில் கோப்பி பயிரிட்டார். ஆயினும், இந்தப் பயிர் காட்டுத்தீயைப் போலப் பரவியதற்கான காரணம் கடலுக்கு அப்பால் இருந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டபோது அங்கே கோப்பி உற்பத்தி சரிந்தது. 1835இல் இலங்கைக் கோப்பிக்கான இறக்குமதி வரியைப் பிரித்தானியா மேற்கிந்தியக் கோப்பியின் வரிக்குச் சமமாகக் குறைத்தது. அடிமைகள் விடுதலை பெற்ற இடத்திலிருந்து தொழில் நகர்ந்து, கூலிகள் கிடைக்கும் இடத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தக் கூலிகள் நமது பாட்டன் பூட்டன்மார்.

தமிழகத்திலிருந்து வள்ளம் ஏறி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள் அவர்கள். வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கு எவரிடமும் இல்லை. கோப்பி பறிக்கும் பருவத்துக்கு வந்து, பருவம் முடிய ஊர் திரும்பிய ஆண்களே அக்காலத்தில் பெரும்பாலோர். இறம்பொடைக் கணவாயின் இரு மருங்கிலும் காடழித்துக் கோப்பி நட்டவர்கள் இவர்களே. 1841இல் புசல்லாவையில் வோம்ஸ் சகோதரர்கள் தொடங்கிய ரொத்சைல்ட் தோட்டம் அக்காலத்துப் பெரும் கோப்பித் தோட்டங்களுள் ஒன்று. கண்டிக்கு 1867இல் புகையிரதம் வந்ததும் கோப்பி மூட்டைகளைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதற்காகத்தான். 1870 அளவில் ஆண்டொன்றுக்குச் சுமார் 10 இலட்சம் அந்தர் கோப்பி ஏற்றுமதியானது.

இலக்கிய நேயர்கள் நினைவில் கொள்ள வேண்டிய ஓர் ஆண்டு 1869. மலையகத்தின் ஆரம்ப அச்சு நூல்களுள் ஒன்றாக ஆய்வாளர்கள் குறிப்பிடும் "கோப்பிக் கிருஷிக் கும்மி" வெளிவந்தது அந்த ஆண்டில்தான். ஆபிரகாம் ஜோசப் என்பவர் கோப்பிப் பயிர்ச் செய்கையைக் கும்மி மெட்டில் பாடி வைத்தார். அதே 1869இல் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலைகளின் அடியில் செம்மஞ்சள் நிறப் பொட்டுக்கள் காணப்பட்டன. ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்னும் பூஞ்சணத்தால் வரும் இலைத்துரு நோய் அது. வாழ்த்துப் பாடிய ஆண்டிலேயே வாட்டமும் தொடங்கிவிட்டது. 1880இல் மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர் வந்து நோயின் இயல்பை ஆராய்ந்து விளக்கினார். பயிரைக் காப்பாற்ற அவராலும் முடியவில்லை. 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது. துரைமார் கப்பலேறினர். தொழிலாளர் பலர் வரவேண்டிய கூலியும் வராமல் நின்றனர். பட்டுப்போன கோப்பி மரங்களின் அடிகள், தேநீர் மேசைகளுக்குக் கால்களாகச் செதுக்கப்பட இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டன என்று சொல்வதுண்டு.

1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்ட தேயிலை கோப்பியின் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்குப் பருவம் இல்லை. கொழுந்து ஆண்டு முழுவதும் வரும். ஆகவே ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும், பெண்களின் விரல்கள் வேண்டும், குடும்பம் வேண்டும். பருவத்துக்கு வந்து போனவர்கள் லயத்தில் நிலைத்துப் போனது இவ்வாறுதான். ஒரு பானத்தின் இடத்தை இன்னொன்று பிடித்ததால் ஒரு சமூகத்தின் முகவரியே மாறிவிட்டது.

இனிக் கோப்பைக்கு வருவோம். தோட்டத்து வாழ்க்கை விடியுமுன் பெரட்டுக் களத்தில் தொடங்கும். அங்கே மனிதனுக்குப் பெயரைக் காட்டிலும் பேரேட்டில் உள்ள எண்ணே முக்கியம். துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி எல்லாரும் அவனிடம் கேட்பார்கள். அவன் எவரையும் கேட்க முடியாது. ஆனால் அதே மனிதன் கடைத்தெருவுக்கு வந்து பலகையில் உட்காரும்போது ஒருவர் அவனைப் பார்த்து, "என்னண்ணே, சாயத்தண்ணியா, பால் போடவா?" என்று கேட்கிறார். உள்ளங்கையில் சீனியை வைத்து நக்கிக்கொண்டு வெறுந்தேநீரைக் குடிக்கும் அந்த ஐந்து நிமிடம் அவன் வாடிக்கையாளன். இன்று பெரிய நிறுவனங்கள் வாடிக்கையாளர் சேவை என்று வகுப்பு நடத்துகின்றன. அதன் சாரம் ஒருவனுடைய விருப்பத்தைக் கேட்பதுதான். அந்த மரியாதை தோட்டத்து மனிதனுக்குக் கிடைத்த சொற்ப இடங்களுள் தேநீர்க் கடையும் ஒன்று.

எல்லாக் கடையிலும் எல்லாருக்கும் அது கிடைத்ததா என்றால், இல்லை என்றே சொல்ல வேண்டும். கோப்பைக்கும் சாதி பார்த்த சமூகம் நம்முடையது. யாழ்ப்பாணத்தில் ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தனிப் பாத்திரத்தில் தேநீர் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் அதைக் குற்றமாக்கியது. சட்டம் ஏட்டில் இருக்க, கடைப் பலகையில் உட்காரும் உரிமைக்காக 1966ஐ அடுத்த ஆண்டுகளில் தேநீர்க் கடைப் பிரவேசப் போராட்டங்கள் நடத்த வேண்டியிருந்தது. கே. டானியலின் "பஞ்சமர்" அந்தக் காலத்தின் கொதிப்பிலிருந்து பிறந்த நாவல். தமிழகத்திலும் காப்பிக் கடைகளில் பிராமணருக்குத் தனி இடம் ஒதுக்கும் வழக்கம் இருந்தது. கடைக்காரர் நீட்டும் கோப்பையில் ஒரு சமூகத்தின் நியாயம் அளக்கப்படுகிறது என்பதை இந்த வரலாறுகள் காட்டுகின்றன.

கோப்பையை நீட்டும் கையைப் பற்றியும் பேச வேண்டும். இலண்டனில் 1652இல் முதலாவது கோப்பிக் கடையைத் திறந்த பஸ்குவா ரொசே, ஒரு வணிகரின் வேலைக்காரர். எசமானின் விருந்தாளிகளுக்குக் கோப்பி தயாரித்துக் கொடுத்த கை, கடையொன்றுக்கு உரிமை கொண்டாடியது. இந்தியாவில் 1957இல் கோப்பி வாரியம் தனது கோப்பி இல்லங்களை மூடியபோது, வேலையிழந்த பரிமாறுவோர் ஏ. கே. கோபாலனின் ஊக்கத்தால் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, அவற்றைத் தாமே நடத்தத் தொடங்கினர். 1957இல் பெங்களூரிலும் 1958இல் திருச்சூரிலும் தொடங்கிய அந்தத் தொழிலாளர் கடைகள் பல ஊர்களுக்கும் பரவி இன்றும் நடக்கின்றன. பரிமாறுபவரே முதலாளியாக இருக்கும் கடையில் பரிமாறுதல் இழிவாக இருப்பதில்லை.

நமது கடைச் சிப்பந்திகளின் நிலை வேறு. தோட்டத்திலிருந்து கொழும்புக்கும் கண்டிக்கும் தேநீர்க் கடைகளுக்கு அனுப்பப்பட்ட சிறுவர்கள் பல தலைமுறையினர். விடியலில் அடுப்பு மூட்டி, இரவில் மேசை துடைத்து, கடை மூடியபின் அதே மேசையில் பாய் விரித்தவர்கள் அவர்கள். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 45 மணி என்று வரையறுத்தது. வேலைக்கு அமர்த்தக்கூடிய குறைந்தபட்ச வயது 14இலிருந்து 16ஆக உயர்ந்தது 2021இல். சட்டங்கள் மலையேறி வர இவ்வளவு காலம் எடுத்தது.

எஞ்சியிருப்பது கொப்பி. கடைக்காரரின் கடன் கொப்பிக்கு மூத்தது கங்காணியின் பற்றுக் கணக்கு. கப்பற்செலவும் அரிசியும் கம்பளியும் தொழிலாளியின் பேரில் கடனாக எழுதப்பட்டன. அந்தக் கடனைக் குறித்த துண்டுச் சீட்டோடுதான் அவன் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற முடியும். மனிதனைக் கடனோடு சேர்த்துக் கைமாற்றிய இந்தத் துண்டு முறை 1921இல்தான் சட்டத்தால் ஒழிந்தது. 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் வந்தபோது நாட்டின் கொப்பியிலிருந்தே இவர்கள் பெயர் நீக்கப்பட்டது. 1964 ஒப்பந்தம் இலட்சக்கணக்கானோரை இந்தியாவுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தது. நாடற்றவராக எஞ்சியோரின் பெயர் மீண்டும் பதியப்பட 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்று இறம்பொடை, லபுக்கலைப் பக்கம் பெருந்தெருவோரத்தில் கண்ணாடிச் சுவர் வைத்த தேநீர்க் கூடங்கள் உள்ளன. சீருடை அணிந்து சிரித்த முகத்தோடு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் உபசரிக்கும் இளைஞர், யுவதிகளில் பலர் லயத்துப் பிள்ளைகள். கண்ணாடிக்கு அப்பால் மலையில் கொழுந்தெடுப்பவர் அவர்களில் ஒருத்தியின் தாயாகக்கூட இருக்கலாம். நாட்சம்பளத்தை 1000 ரூபாவாக்கும் வர்த்தமானி 2021இல் வருவதற்குத் தாய்மார் எத்தனை ஆண்டுகள் தெருவில் நின்றார்கள் என்பது நேயர்கள் அறிந்ததே.

பெருந்தெருவில் இறங்கி ஒரு கோப்பை வாங்கும் பயணிக்கு இவ்வளவு வரலாறும் தேவையா என்று கேட்கலாம். தேவைதான். தேயிலை வரலாறு என்றால் டெய்லரின் படத்தை மாட்டுவது நமக்குப் பழகிவிட்டது. அது தவறில்லை, அவர் உழைத்தவர். அந்தப் படத்துக்கு அருகே மன்னார்ப் பாதையின் ஒரு வரைபடத்தை மாட்டி, 1869இல் வந்த அந்தக் கும்மி நூலின் பெயரையும் எழுதி வைத்தால் என்ன? பரிமாறும் பிள்ளைக்குத் தன் கையிலிருக்கும் கோப்பையின் கதை தெரிந்திருக்கும். கேட்பவருக்கு அவளே சொல்வாள். கோப்பிக்கும் தேயிலைக்கும் உழைத்தவர்களின் பேத்தி அதைச் சொல்லும்போது, கடன் மட்டுமே பதிந்திருந்த கொப்பியில் முதன்முறையாக வரவும் எழுதப்படும்.